இரண்டாவது டிஸ்க்

காலையில் துடைத்துவைத்த டிஸ்க் மதியத்துக்குள் மறுபடி நிறைந்திருந்தது.

அதைத் தனியாகக் கழற்றி, மேசைமேல் இருந்த கருவியில் பொருத்தி, முழுக்கப் பூஜ்யங்களை எழுதி, ஒரு எழுத்துகூட மிச்சமில்லை என்று பார்த்த பிறகுதான் அவள் சர்வர் பெட்டியில் அதே இடத்தில் சொருகியிருந்தாள். இப்போது திறந்தால் பழைய கோப்புகள் அத்தனையும் இருந்தன, ஒன்றுமே நடக்காதது போல.

பக்கத்துப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்த சீனியர் சிரித்தார். "அதே ஓட்டைல திரும்பச் சொருகினியா? வேற வினையே வேண்டாம்மா."

அவருக்கு விளக்கிச் சொல்வதென்றால் உயிர். "நாலு டிஸ்க் சேர்ந்தது ஒரு கூட்டு. மூணு எண்ணும் அதுங்களோட கூட்டுத்தொகையும்னு வச்சுக்கோ. அதுல ஒண்ணை அழிச்சா, மீதி மூணை வச்சுக் கழிச்சுக் கண்டுபிடிச்சிடலாம்ல? காலி டிஸ்க்கைக் கண்டதும் பெட்டி அந்தக் கணக்கைப் போட்டு எழுதிடுச்சு. பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

"நல்லதுதானே அண்ணே?"

"பழசுங்களுக்கு ஆகாது. அந்த ஒண்ணை எழுத மீதி மூணையும் விடாம படிச்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சூட்டுல நல்லா இருக்கிறதும் மண்டையைப் போட்டுரும்."

விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே அவளுக்கு மகளின் கொதிக்கும் நெற்றி நினைவுக்கு வந்தது.

அவள் மகன் சின்னவன் காய்ச்சலில் இறந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவன் கட்டிலைத் துடைத்து, விரிப்பு மாற்றி, அதே மூலையில் வைத்திருந்தார்கள். அதை நகர்த்த அவள், கணவர், மகள் மூன்று பேருக்கும் மனம் வரவில்லை. பிறகு ஒருநாள் விடிந்தபோது போர்வை கசங்கியிருந்தது, காய்ந்து கிடந்த அவன் பல் பிரஷ் ஈரமாக இருந்தது, குளியலறைக்குள் அவனுடைய சோப்பு வாசனை ஆவியோடு ஆவியாக நின்றது. அவள் பயப்படவில்லை. ஒரு தம்ளர் பால் கூடுதலாகக் காய்ச்சினாள். கூடத்தில் அந்தச் சின்னக் காலடிச் சத்தம் கேட்டபோது வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்.

இன்று பொழுது சாய்ந்து அவள் வீடு திரும்பியபோது அவன் மேசையருகே உட்கார்ந்திருந்தான். அப்பா சீவிவிட்டபடியே தலை. அக்காவைச் சீண்டும் அதே களுக் சிரிப்பு. கழுத்தில், அவள் முகர்ந்து முகர்ந்து மனத்தில் வைத்திருந்த வியர்வை மணம். குனிந்து பார்த்தாள். காதுக்குப் பின்னால், மூன்று பேரில் ஒருவரும் கவனித்துவைக்காத இடத்தில், தோல்கூட இல்லை. இருட்டுகூட இல்லை. ஒன்றுமே இல்லை.

கணவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மகன் எப்போதோ சொன்ன வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சோபாவில் மகள். உதடு வெடித்திருந்தது. தொட்டால் அனல்.

"கண்ணு, சாப்பிட்டியா?"

மகள் வெகுநேரம் யோசித்தாள். "அம்மா... என் பேரு என்ன?"

அடுப்படிக்குப் போய்ச் சீனியரை அழைத்தாள். போனைப் பிடித்த கையும் சுட்டது.

"அண்ணே, அப்படி எழுதிட்டு இருக்கிறதை நடுவுல நிறுத்தணும்னா?"

"இன்னொண்ணை உருவிடு. ஒண்ணு போனா கணக்குப் போடலாம். ரெண்டு போனா எந்தக் கொம்பனாலயும் முடியாது."

"உருவினது கெட்டுப்போயிடுமா?"

"அதுக்கென்ன, எல்லாத்தையும் உள்ள வச்சுக்கிட்டுப் பத்திரமா இருக்கும். திரும்பச் சொருகாம இருந்தா சரி. ஏம்மா, இன்னும் ஆபீஸ்லயா இருக்கே?"

போனை வைத்தாள்.

மகளின் நெற்றியில் முத்தம். கைப்பை. செருப்பு. வாசல் கேட்.

தெருவில் கால் வைத்ததும் உடம்புச் சூடு சட்டென்று இறங்கியது. திரும்பினாள்.

ஜன்னலில் சின்னவன். கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் மட்டும்.

"அம்மா, எப்ப வருவே?"

அவனுக்குப் பின்னால், பல நாள் கழித்து மகளின் தெளிவான குரல். "அப்பா, பசிக்குதுப்பா."

வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. இப்போது சத்தம் இல்லை.

நான்கில் இரண்டு இல்லாவிட்டால் மீட்டு எழுத முடியாது. அவள் இனி அந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது.