கோரை பிடித்த கை

கையை எடுத்த பிறகும் கோரை விழவில்லை.

டுவேன் ஸ்பிரே டப்பாவை இறக்கிவிட்டுப் பார்த்தார். கொட்டகையில் மரத் தாங்கிகள் மேல் குப்புறக் கவிழ்த்திருந்த அலுமினியப் படகின் பக்கவாட்டில், காலையில் ஏரிக்கரையில் அறுத்து வந்த நீளமான கோரை இலை நட்டமாக நின்றது. ஈரப் பெயின்ட், ஒட்டிக்கொண்டது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் அடியிலிருந்த மண் நிறப் பூச்சு நேற்றே காய்ந்துவிட்டது. அவரே நகத்தால் சுரண்டிப் பார்த்திருந்தார்.

வேட்டைப் படகுக்குப் பெயின்ட் அடிப்பது இரண்டு பேர் வேலை. உப்புத்தாளால் தேய்ப்பது, அலுமினியத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரைமரைப் பூசுவது, அதன்மேல் மினுக்கமில்லாத மண் நிறம் அடிப்பது, எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்துவிடலாம். கடைசி வேலைக்குத்தான் துணை வேண்டும். ஒருவர் கோரையைப் படகோடு அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அதன்மேல் கரும்பச்சையை அடிக்க வேண்டும். இலையை எடுத்தால் அதன் வடிவம் மட்டும் மண் நிறத்தில் மிஞ்சும். பறந்து வருகிற வாத்துக்கு அது படகில்லை, புதர்.

ஒவ்வொரு வருஷமும் கோரையைப் பிடித்தவள் அவர் மனைவி ஆர்டிஸ். இலையோடு சேர்த்து அவள் விரல் நுனிகளும் படகில் பதிந்துவிடும்.

"அடியே, வாத்து உன் விரலை எண்ணிட்டுத் திரும்பிப் போயிடப் போகுது" என்பார் இவர்.

"எண்ணட்டுமே. உன்னைவிட அதுக்குக் கணக்கு நல்லா வரும்" என்பாள் அவள்.

இந்த மார்ச்சில், ஏரியில் பனிக்கட்டி உடைவதற்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு டுவேன் வானொலிப் பெட்டியோடு சண்டை போடுகிற ஆளாகிவிட்டார். பதில் பேச வீட்டில் வேறு யாரும் இல்லை. சனிக்கிழமை வாத்து வேட்டை தொடங்குகிறது. படகைத் தனியாகவே முடித்துக் காட்டிவிட்டால், இந்தக் குளிர்காலத்தை இந்த வீட்டிலேயே தள்ளிவிடலாம் என்று, தன்னோடு வந்து இருக்கச் சொன்ன மகளிடம் சவால் விட்டிருந்தார்.

அவர் மெதுவாக இலையை உரித்து எடுத்தார். இலையின் வடிவம் சுத்தமாக விழுந்திருந்தது. அதன் மேல்முனையில், கரும்பச்சைக்கு நடுவே, பெயின்ட் படாத நான்கு சின்ன வட்டங்கள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வாத்துக் கூட்டமொன்று தாழப் பறந்து போகிற சத்தம் தகரக் கூரையைத் தடவிக்கொண்டு போய்த் தேய்ந்தது. அதன்பின் கொட்டகையில் தின்னர் வாடையும், அறுத்த கோரையின் பச்சை வாடையும், அவருடைய மூச்சும்தான் மிச்சம். பெயின்ட் ஆவியில் தீப்பிடித்துவிடும் என்று ஹீட்டரை அப்போதே அணைத்திருந்தார், மூச்சு புகையாக வந்தது. ஆனாலும் அவருக்குக் குளிரவில்லை. மார்பும் முதுகும் இதமாக வெதுவெதுத்தன.

அடுத்த இலையைப் படகோடு வைத்தார். கையை எடுத்தார். அது நின்றது.

"ஆர்டிஸ்?" என்றார். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. "கொஞ்சம் மேல தூக்கிப் பிடி."

இலை மேலே நகர்ந்தது.

அவர் அழுதார். அழுதுகொண்டே அடித்தார். இலை மாற்ற மாற்ற அது நின்றது, சாய்ந்தது, அவர் நினைத்த இடத்தில் வளைந்தது. டப்பாவுக்குள் உருளும் குண்டின் கடகடப்பும் பெயின்ட் சீறும் ஒலியும் பழைய தாளத்துக்குத் திரும்பின. இத்தனை மாதத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வாய்க்கவில்லை.

அலமாரித் தட்டில் கைபேசி அடித்தது. டுலூத் நகரத்திலிருந்து மகள் ரெனே.

"அப்பா, காலைல கிளம்பி வரேன். கோரைய நான் பிடிக்கிறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"வேண்டாம்மா. வேலை நடந்துட்டிருக்கு."

"ஒத்தக் கையாலயா? போன தடவை தனியா அடிச்சப்ப படகை விட்டுட்டுச் சுவத்துக்கு அடிச்சீங்களே, மறந்துட்டீங்களா?"

"ஒத்தக் கை இல்ல. துணைக்கு ஆள் இருக்கு. நீ வராதே. இந்த வாரம் மட்டுமில்ல, குளிர்காலம் முடியற வரைக்கும் வர வேண்டாம். நான் எங்கயும் வர்றதா இல்ல."

"என் மேல என்னப்பா கோபம்?" என்றாள் ரெனே. அவர் கைபேசியை வைத்துவிட்டார். இலை காத்துக்கொண்டிருந்தது.

கடைசி இலையும் முடிந்தது. படகு புதராகிவிட்டது. திருப்தியாகப் பெருமூச்சு விடப் பார்த்தார், மூச்சு முழுதாக இறங்கவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பெயின்ட் அடிக்கப் போட்டிருந்த வெள்ளை அங்கியைக் கழற்றி மேஜையில் மல்லாக்க விரித்தார்.

படகில் பட்டுத் தெறித்த பச்சைத் தூசி அங்கியின் முன்பக்கம் முழுக்கப் படிந்திருந்தது. நடுவில் மட்டும், மார்புக்குக் குறுக்கே, ஒரு வெள்ளைப் பட்டை. பெயின்ட் படாத இடம்.

பின்னாலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறாள்! டுவேனுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. கட்டிக்கொண்டிருந்தவள் எந்தக் கையால் கோரையைப் பிடித்தாள்?

விளக்கை இழுத்துப் பிடித்தார். பட்டை வலது அக்குளிலிருந்து கிளம்பி, மார்பைக் கடந்து, இடது விலாப்பக்கம் மறைந்தது. அங்கே முடியவில்லை. முதுகைச் சுற்றிக்கொண்டு மறுபடி வலது பக்கம் முளைத்து, வயிற்றைக் கடந்து வந்திருந்தது. இடுப்புக்கு மேல்தான் விரல்கள். நீளமாக. நெருக்கமாக. எண்ணத் தொடங்கினார். ஐந்தைத் தாண்டியது. நிறுத்திவிட்டார்.

ஒரே கை.

அங்கி மேஜையில் கிடந்தது. வெதுவெதுப்பு அவர் மேலேயே இருந்தது.

கைபேசியை எட்டி எடுத்தார். ரெனேயின் பெயரை அழுத்தினார். மணி ஒலித்தது. எடுத்தாள்.

"அப்பா?"

வாயைத் திறந்தார். மூச்சு இல்லை. விலா எலும்புகள் உள்ளே அழுந்தின. மெல்ல. பொறுமையாக.

"திட்டறதுக்குத்தான் கூப்பிட்டீங்களா? ஏதாவது பேசுங்கப்பா."

உதடு அசைந்தது. ஒலி இல்லை.

"சரி. நீங்க சொன்ன மாதிரியே நான் வரல. போதுமா?" அவள் குரல் உடைந்திருந்தது. அழைப்பு நின்றது.

டுவேன் குனிந்து பார்த்தார். அவருடைய கம்பளிச் சட்டை மார்பில் ஒரு மடிப்பாக அழுந்தியிருந்தது. வயிற்றில் இன்னொரு மடிப்பு. அதன் முனையில் துணி ஒவ்வொரு விரலாகக் குழிந்தது. அந்தக் குழிகள் மேலே நகர்ந்து, கழுத்துப் பட்டனை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தன.