தானாகத் தெரிவு செய்வது

அந்தச் சிவப்புப் புள்ளி வந்த நாள் தொட்டுச் சாம்பவியில மட்டும்தான் விழுந்துகொண்டிருந்தது. அறைக்குள்ள எத்தினை பேர் இருந்தாலும், மேசையில நிண்ட கமெரா சின்ன முனகலோட மெல்லமாய்த் தலையைத் திருப்பி அவளின்ரை நெஞ்சைத்தான் தேடிப் பிடிச்சுது. வெறும் வெளிச்சம்தான், சுடுற துவக்கு ஒண்டும் பூட்டேல்லை. மனிசர் சொல்லாமல் தானே ஆளைத் தெரிவு செய்து கொல்லுற ஆயுதம் எப்பிடி வேலை செய்யுமெண்டு ஜெனீவா மாநாட்டில காட்டுறதுக்காக, அதை எதிர்க்கிற அமைப்பு தன்ரை ரொறன்ரோ ஒபிசில கொண்டந்து வைச்ச சாமான்.

அந்த ஆயுதங்களைத் தடுக்கக் கொண்டுவரப் பாக்கிற சர்வதேசச் சட்டத்துக்கு வரைவிலக்கணம் எழுதினது நிரோஷினி. வருசக்கணக்கா மாரடிச்சது அவள், ஜெனீவாவுக்குப் போறது நேற்று வந்த சாம்பவி! கண்ணூறு படும், பிளேன் ஏறுமட்டும் வாயைத் திறவாதை எண்டு தாய் சொல்லியும் கேளாமல், இவள் லட்டு வாங்கிவந்து ஒபிஸ் முழுக்கக் குடுத்தாள். நிரோஷினிக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. லட்டைத் தின்னாமல் குப்பையில போட்டாள்.

வெள்ளி பின்னேரம் மற்றவை போயிட்டினம். வெளியில பனி கொட்டிக்கொண்டிருக்க, ஹீற்றர் கடகடக்க, ஈரச் சப்பாத்து மணம் காப்பெற்றில ஊறிக் கிடந்துது. சாம்பவி கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உங்கட வசனத்தைத்தான் அங்க வாசிக்கப் போறன்."

நாசமாய்ப் போ எண்டு நினைச்சது நிரோஷினிதான். முனகல் கேட்டுது. புள்ளி விழுந்துது. சாம்பவி நெஞ்சைப் பொத்தினபடி சரிஞ்சாள்.

அம்புலன்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போகேக்கை அவளுக்கு மூச்சில்லை. நான் ஒண்டும் செய்யேல்லை, மெஷின்தானே தெரிவு செய்தது எண்டு நிரோஷினி தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். கமெராவின்ரை பிளக்கைப் புடுங்கினாள். புள்ளி அணையேல்லை.

போன் அடிச்சுது. தங்கச்சி சிவானி.

"அக்கா, பனி கொட்டுது, கூட்டிக்கொண்டு போக வந்திட்டன். மேல வாறன்."

வராதை எண்டு கத்த முந்தி போன் கட்டாயிட்டுது.

சிவானி. ஸ்ரௌவ்வில் எண்ட வசதியான ஊரில புதுவீடு வாங்கினவள். நிரோஷினி இன்னும் மல்வேர்ன்ல, நிலத்துக்குக் கீழ வாடகை பேஸ்மென்றில. நினையாதை. கூடப் பிறந்தவள். நல்லாயிருக்கட்டும். நல்லாயிருக்கட்டும்.

ஆனா அந்தப் புதுவீட்டுக் குசினி. அந்தப் பெரிய யன்னல்.

முனகல்.

கமெரா வாசல் பக்கம் திரும்பிச்சுது. வெளியில லிஃப்ற் திறக்கிற சத்தம் கேட்டுது. மூடின ஒபிஸ் கதவில, சிவானியின்ரை நெஞ்சு வரப்போற உயரத்தில, புள்ளி அசையாமல் நிண்டுது.