கழுத்துக் காவல்காரன் தூங்கிவிட்டான்

"மனித உடல் பொய் சொல்வதே இல்லை!"

சுவாச ஆய்வு நிலையத்தின் இயக்குநர் ஆக்சிஜனைக் குறைத்து வைத்த கண்ணாடி அறைக்குள் நின்றபடி, எட்டு நிருபர்களுக்காக மைக்கில் இப்படி முழங்கினார்.

முழங்கிய நாலாவது நிமிடம் குப்புற விழுந்தார்.

பிணம்!

நிருபர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். அறைக்குக் காற்று செலுத்தும் கேஸ் டெக்னீஷியன் கதவைத் திறந்துகொண்டு ஓடி, ஆக்சிஜன் மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து அழுத்தியதும், பிணம் இருமியது.

டெக்னீஷியன் பெண்ணுக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. வந்த உயிர் அரை மணி நேரம்கூடத் தங்கவில்லை...

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டாள்.

"ஏம்மா, அந்த ரூமுக்குள்ள போற காத்து யார் பொறுப்பு?"

"என் பொறுப்புதான் மேடம்."

"ம்..." என்று இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதினாள். ஒரே ஒரு வார்த்தை. எந்த வார்த்தை என்று டெக்னீஷியன் எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை.

பக்கத்தில் துணை இயக்குநர் கைகட்டி நின்றார். இயக்குநரின் மனைவிக்குத் தம்பி. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'மச்சான்' என்றுதான் சொல்வார்கள்.

"காத்துல எதையோ கலந்துட்டா மேடம். எங்க மாமா ஆக்சிஜன் இல்லாமலே சிகரம் ஏறினவர். இந்த ரூம் அவருக்குத் தூசு."

சிகரம் ஏறிய படம் கூடத்தில் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. கையில் கொடி, காலடியில் பனி. பதிமூன்று வருடமாக அந்தப் படத்துக்குக் கீழேதான் டெக்னீஷியன் வருகைக் கையெழுத்து போடுகிறாள்.

டெக்னீஷியன் திரையைக் காட்டினாள். அறையில் ஆக்சிஜன் பன்னிரண்டு சதவீதம். திட்டமிட்ட அதே அளவு. வேறு எதுவும் கலக்கவில்லை.

"அப்புறம் ஏன் விழுந்தார்?"

"அதுதான் எனக்கும் சந்தேகம் மேடம். கழுத்துல ரெண்டு பக்கமும் அரிசி அளவுல ஒரு உறுப்பு இருக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா உடனே மூளைக்குத் தகவல் சொல்லும், மூச்சு வேகமாகும். சாருக்கு விரல் கிளிப்புல ரத்த ஆக்சிஜன் தொண்ணூறு, எண்பது, எழுபத்திரண்டுனு இறங்கியிருக்கு. மூச்சு மட்டும் நிமிஷத்துக்குப் பதினாலுலயே நிக்குது."

"கழுத்துக் காவல்காரன் தூங்கிட்டான்ங்கற."

"தூங்க வெச்சிருக்காங்க மேடம்."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

எதைக் கொடுத்தால் தூங்குவான் என்று கேட்டாள். நைட்ரிக் ஆக்சைடு என்றாள் டெக்னீஷியன். எல்லோர் உடம்பிலும் துளித் துளியாக ஊறும் வாயுதான். கழுத்து உறுப்பிடம் போனால் 'சும்மா இரு' என்று அடக்கும். அதுவே மூளைக்குள் இருந்தால் 'வேகமா மூச்சை இழு' என்று தூண்டும். ஆளுக்கு ஒரு பேச்சு. மச்சான் மாதிரி.

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அது இங்க இருக்கா?"

"சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கு. பீரோல. சாவி... துணை இயக்குநர்கிட்ட."

மச்சானின் கட்டிய கைகள் அவிழ்ந்தன.

பீரோ திறக்கப்பட்டது. சிலிண்டரின் ஈயமுத்திரை உடையவில்லை. மச்சான் கைகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு, ஒரு தாளை நீட்டினார்.

"இதையும் பாருங்க மேடம். உள்ள போறவங்க எழுதிக் குடுக்கற படிவம். 'மருந்து எதுவும் எடுத்தீர்களா?' 'இல்லை.' இது மாமா எழுத்தில்ல. இவளோடது!"

டெக்னீஷியன் தாளைப் பார்த்தாள்.

உண்மைதான். உள்ளே போகிறவர்தான் எழுத வேண்டும். ஆனால் இயக்குநரிடம் போய் 'மருந்து சாப்பிட்டீங்களா சார்' என்று எவர் கேட்பது? அவர் அடியில் கிறுக்கிவிட்டுப் போவார். மேலே 'இல்லை, இல்லை, இல்லை' என்று இவள் நிரப்புவாள். இங்கே அதற்குப் பெயர் மரியாதை.

ஸ்டேஷனில் அதற்கு வேறு பெயர்.

வேலை போகும். ஒருவேளை உள்ளேயே வைத்துவிடுவார்கள்... அவள் கண்ணாடி அறைக்குள் போய், அங்கிருந்த நாற்காலியை ஓரமாக நகர்த்தப் போனாள். குனிந்தபோதுதான் அதைப் பார்த்தாள்.

நாற்காலிக்கு அடியில் விரல் அளவு ஸ்ப்ரே பாட்டில். லேபிள் சுரண்டப்பட்டிருந்தது!

"விஷம்!" என்றார் மச்சான்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் அதை எடுத்தாள். டெக்னீஷியனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காலையில் லிப்ட் வேலை செய்யவில்லை. இயக்குநர் இரண்டு மாடி ஏறி வந்தார். உள்ளே நுழையும்போது முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் இன்ஸ்பெக்டரின் காதில் மெல்ல நாலு வார்த்தை சொன்னாள்.

இயக்குநர் தன் அறை சோபாவில் கிடந்தார். யாரோ சதி செய்துவிட்டதாக முனகினார். பாட்டிலைக் காட்டியபோது, தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றார்.

இன்ஸ்பெக்டர் பாட்டிலைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"சரி சார். இவங்கதான் கலந்தாங்கன்னு ஸ்டேஷன் வந்து புகார் எழுதிக் குடுத்துடுங்க. மூணாவது மாடி. லிப்ட் கிடையாது. சிகரம் ஏறினவருக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?"

இயக்குநரின் கை சட்டைப் பைக்குப் போனது. தடவியது. பை காலி.



"அந்த பாட்டிலைக் கொஞ்சம் குடுங்களேன்" என்றார்.

"இப்ப வேணாம் சார், பிரஷர் இன்னும் ஏறல" என்றாள் டெக்னீஷியன். "நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில அடிக்கற மருந்து மேடம். உடம்புக்குள்ள போய் நைட்ரிக் ஆக்சைடைத்தான் விடும். அது ரத்தக் குழாயை விரிக்கும், அதான் முகம் செவந்து தலை வலிச்சிருக்கு. பிரஷரையும் இறக்கியிருக்கும். கழுத்துலயும் அடக்கியிருக்கலாம். வெளியிலேர்ந்து யாரும் வரல."

லேபிளைச் சுரண்டியது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள். இயக்குநர் கூரையைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார்.

புதுப் படிவம் வந்தது. 'மருந்து எதுவும் எடுத்தீர்களா?' இயக்குநர் முதல் முறையாகத் தன் கையாலேயே எழுதினார். எழுத்துப் பிழையோடு.

படி இறங்கும்போது டெக்னீஷியன் கேட்டாள்.

"தினமும் மூணு மாடி ஏறுவீங்களா மேடம்?"

"தரைத்தளம்மா எங்க ஸ்டேஷன்."

கூடத்தில், சிகரம் ஏறிய படத்தின் முன் இன்ஸ்பெக்டர் நின்றாள். சட்டத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் கொஞ்சம் நகர்த்தினாள்.

கொடிக்குப் பக்கத்தில், சட்டம் இத்தனை நாள் மறைத்திருந்த படத்தின் ஓரத்தில், கேபிள் கார் டிக்கெட் கவுன்ட்டர் இருந்தது.