மீன் விடாத தண்ணீர்

கண்ணாடித்தொட்டியில் இன்னும் ஒரு மீன்கூட விடவில்லை. ஆனாலும் பிரேமினியின் கையிலிருந்த சோதனைக்குழாயில் தண்ணீர் மஞ்சளாக நிற்காமல், மெல்ல மெல்லப் பச்சையாகிக்கொண்டு வந்தது. அட்டன் டவுனில் வளர்ப்பு மீன் விற்பவர், தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்க்கும் மருந்துப் போத்தலைக் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தார்: மஞ்சள் என்றால் மீன் விடலாம், பச்சை என்றால் அமோனியா, தண்ணீருக்குள் ஏதோ அழுகுகிறது.

தொட்டியை உப்புப் போட்டுத் தேய்த்தாள். கூழாங்கற்களை வெந்நீரில் அலசினாள். மறுபடியும் பச்சை. வாசலுக்கு வெளியே எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் குழாயான பீலியில் நேரே பிடித்த தண்ணீர் அதைவிடக் கடும் பச்சை. கூரைத் தகரத்திலிருந்து வடிந்த மழைத்தண்ணீர் மட்டும் மஞ்சளாகவே நின்றது.

"என்னாங்க, பீலித் தண்ணியிலதான் ஏதோ கோளாறு."

அவள் புருசன் கிஷாந்த் வாசலில் உட்கார்ந்து தேயிலைச் செடிகளை மொட்டையாக வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"மேல மலைக்கு ஒரம் போட்டிருப்பாங்க. யூரியா எறங்கியிருக்கும். மனுசன் குடிக்கிற தண்ணி, ஒன் மீனுக்கு ஆகாதாமா? தொரை வூட்டு மீனா அது?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. மழைக்கு உரம் கரைந்து பீலியில் வருவது தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் புதிதல்ல.

"ஜீவராணி இருந்திருந்தா ஒங்களுக்குச் சரியா வாய் குடுத்திருப்பா."

கத்தி நின்றது. "ஓடிப்போனவ பேச்சு இந்த வூட்டுல வேணாம்னு சொன்னேனா இல்லியா?"

பிறகு மறுபடியும் கல்லில் உரசத் தொடங்கியது.

ஜீவராணி அவன் தங்கை. மீன் வளர்த்து விற்கலாம் என்ற யோசனையே அவளுடையதுதான். பக்கத்து ஊரான நோர்வூட்டுப் பையன் ஒருவனோடு அவள் கொழும்புக்கு ஓடிவிட்டதாகக் கிஷாந்த்தான் வந்து சொன்னான். அன்றிலிருந்து அவள் போன் அணைந்தே கிடக்கிறது. 'அண்ணி, நல்லா இருக்கேன்' என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்று பிரேமினி தன் போனைத் தலைமாட்டிலேயே வைத்துப் படுக்கிறாள்.

மறுநாள் பிற்பகல் கிஷாந்த் வேலைக்குப் போயிருந்தான். அவள் ஜன்னலோரம் நின்று குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பச்சைக்கு அப்பால், பனிமூட்டம் விலகிய இடத்தில் மேல்மலை தெரிந்தது. இலையில்லாமல், வெட்டுப்பட்ட குச்சிக் கைகளை நீட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக மொட்டைச் செடிகள். கிஷாந்த்தும் அவனோடு வேலை செய்யும் ஆட்களும் வெட்டிய மலை.

கவ்வாத்து வெட்டின மலைக்கு யார் உரம் போடுவார்கள்? துளிர் விடும்வரை ஒரு பிடி போடமாட்டார்கள். தோட்டத்திலேயே பிறந்தவள், அவன் சொன்னதும் தலையாட்டிவிட்டாளே.

லயத்துப் பீலிக்குத் தண்ணீர் தரும் சிமெந்துத் தொட்டி, லயத்துக்கு மேலே அந்த மலையின் அடியில்தான் இருந்தது. ஜீவராணி போன பிறகு, அதைக் கழுவுகிற வேலையைக் கிஷாந்த் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

அவள் ஏறினாள். பனி திரும்பவும் இறங்கி, கழுத்தில் ஈரத்துணியாகச் சுற்றிக்கொண்டது. வெட்டுக்குச்சிகள் சேலையைப் பிடித்துப் பிடித்து இழுத்தன. எங்கோ அட்டை கடித்த கணுக்காலில் இரத்தம் சூடாக வழிந்ததைக்கூட அவள் குனிந்து பார்க்கவில்லை. தொட்டியை நெருங்க நெருங்க வாடை வந்தது. உர வாடை இல்லை. செத்த எலியின் வாடை, ஆனால் எலியளவில் இல்லை.

மூடியிருந்த தகரத்தின்மேல் கருங்கற்கள். ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளினாள். தகரத்தை இழுத்தாள்.

முதலில் முடி தெரிந்தது. பிறகு ஊதி வெளுத்த தோள். கழுத்து பாதிவரை வெட்டுண்டு, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீரின் அசைவுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மணிக்கட்டுகள் இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது. ஜீவராணி.

இந்தத் தண்ணீரில்தான் சோறாக்கினாள். இதைத்தான் குடித்தாள்.

"தகரத்த மூடு புள்ள. தண்ணியில தூசு விழுது."

பின்னால் கிஷாந்த். குரலில் கோபமே இல்லை. கையில் கத்தி.

"ஒங்க தங்கச்சிங்க அது..."

"குடும்ப மானம்னு ஒன்னு இருக்குல்ல. ஒனக்கு எதுக்கு மீனும் மருந்தும்? சும்மா இருந்திருக்கலாம்ல நீயி."

வீசினான். அவள் குனிந்தாள். கத்தி தோளைக் கிழித்துக்கொண்டு சிமெந்தில் பட்டுப் பொறி தெறித்தது. மறுபடி ஓங்கினான். அவள் பக்கவாட்டில் நழுவி, தொட்டிப் பக்கமாக அவனைத் தலையால் முட்டினாள். பாசி. அவன் கால் வழுக்கியது. பின்மண்டை விளிம்பில் மோதியது. தொட்டிக்குள் விழுந்தான். தண்ணீர் மேலே எகிறியது.

மார்பளவுத் தண்ணீர்தான். எழுந்துவிடுவான்.

அவள் கல்லைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

எழவில்லை. குமிழி வந்தது. கால்கள் உதைத்தன. சிவப்புக் கலங்கி, விலகியது.

கட்டவிழாத இரண்டு கைகள், வளையம்போல அவன் தலைக்கு மேலாக இறங்கிக் கழுத்தைச் சுற்றியிருந்தன. அவன் இழுத்தான். வெளுத்த தோல் உரிந்து அவன் விரல்களோடு வந்தது. கைகள் வரவில்லை.

அவன் தோளுக்கு மேலே ஜீவராணியின் முகம் மெல்ல நிமிர்ந்தது. கண் திறந்திருந்தது. பிரேமினியைப் பார்த்தது.

விரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, கோத்துக்கொண்டன.