மூணாவது விசில்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜை முழுக்க ஏரியின் வரைபடம், பட்டியல், லேப்டாப். லீவுக்கு ஏரிக்கரையில் நாலு நாள் தங்கப் போகிறார்களாம். படகு, கூடாரம், தூண்டில் எல்லாம் உண்டாம். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியும் புது அண்ணி இன்னும் அவனை நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

அதே ஏரி, அதே படகுத்துறை. வேறு ஏரியே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அங்கே போனால்தான் மனசு ஆறும் என்றான். அவனுக்கு மனசு என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் அண்ணி போய்ச் சேர்ந்தது அங்கேதான். பனிமூட்டத்தில் படகு கவிழ்ந்தது. அண்ணன் நீந்திக் கரையேறிவிட்டான். அவளுடைய லைஃப் ஜாக்கெட் அன்றைக்கே கிடைத்தது. அவள் மறுநாள் கிடைத்தாள்.

புது அண்ணி படகுத்துறை விதிகளை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"லைஃப் ஜாக்கெட்ல ஒரு விசில் இருக்குமாம். ஊதினா ஏரி முழுக்கக் கேக்குமாம்." என்னைப் பார்த்தாள். "அப்போ அக்கா ஏன் ஊதலை? நீங்க கரையிலதானே இருந்தீங்க?"

அண்ணன் மேஜைக்கடியில் என் காலை மிதித்தான்.

"எனக்கு எதுவும் கேக்கலை."

மீட்புப் படகுக்காரரிடம் சொன்ன அதே பொய். இஞ்சின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. ஏதாவது சத்தம் கேட்டதா, எந்தப் பக்கம் என்று எங்களைக் கேட்டார். அண்ணி மூன்று முறை ஊதியிருந்தாள், திசைகூட எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் அண்ணனுக்கும் ஏழாம் பொருத்தம். அவன் என் கையை அழுத்தினான், நான் எதுவும் கேட்கவில்லை என்றேன்.

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

புது அண்ணி தலை நிமிர்ந்தாள்.

இரண்டாவது விசில் மெல்லியதாக, நீளமாக, மூச்சு தீரும்வரை வந்தது. பாசி நாற்றம் குப்பென்று அடித்தது.

"நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே," என்று கிசுகிசுத்தாள். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"இல்லை."

பக்கத்து வீட்டுக் குக்கராக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே அண்ணன் எழுந்து உள்ளே போனான்.

மூன்றாவது விசில்.

பிறகு ஏதோ விழுந்த சத்தம்.

குக்கர் மூடியில்லாமல் காலியாக இருந்தது. அண்ணன் தரையில் கிடந்தான். தரையில் ஈரமில்லை, சட்டையிலும் ஈரமில்லை. வாயிலிருந்து மட்டும் பச்சைத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நீரில் மூழ்கிய சாவு என்று எழுதிக் கொடுத்த டாக்டர், எந்தத் தண்ணீர் என்று எங்களையே கேட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. புது அண்ணி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை எதுவும் செய்யாது. அவள் கேள்விதான் கேட்டாள், பொய் சொன்னவள் நான்.

என் வீட்டுக் குக்கரை அன்றைக்கே தூக்கிப் போட்டுவிட்டேன். இருந்தும் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்க விசில் எனக்குக் கேட்டது, அண்ணி. மூன்று முறையும் கேட்டது.

காலையிலிருந்து இரண்டு விசில் ஆகிவிட்டது.