நான்கு தலைமுடிக் கனம்

ஸ்பிரிங்வேலில் மீன்கடைக்கு மேலிருந்த அலுவலகத்துக்கு இராஜேஸ்வரி வந்தபோது துப்பறிவாளர் சிறி தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். உதவியாளர் பாலா யாரையாவது சந்தேகிக்க ஏற்கெனவே தயாராக இருந்தான்.

"துவக்கு பின்னாலை வெடிச்சு என்ரை மனுசனுக்கு வலக்கண் போயிட்டுது," என்றாள். "தன்ரை பிழைதான் எண்டு சுடுற கிளப்புக்கு எழுதிக் குடுத்திட்டார். கராஜிலை தானே தோட்டா அடைக்கிறவர். அரிசியைக்கூடத் தராசிலை நிறுத்துப் போடுற மனுசன் பிழை விடுவாரே? ஆரோ செய்ததைத் தன்ரை தலையிலை போடுறார். ஆரெண்டு கண்டுபிடிச்சுத் தாங்கோ."

"பொறாமைக்காரர் வேலை, அண்ணை!" என்றான் பாலா.

"முதல் கராஜைப் பாப்பம்," என்றார் சிறி.

அவள் கணவர் யோகா சுட்டபின் மிஞ்சும் பித்தளைத் தோட்டாக் கோதுகளைத் திருத்தி மறுபடி வெடிமருந்து அடைப்பவர். கோதின் அடியிலிருந்து, அது கழுத்தாகக் குறுகும் தோள்வரை உள்ள நீளம் துவக்கில் தோட்டா உட்காரும் அறைக்குப் பொருந்த வேண்டும். குட்டையானால் இடைவெளி விழும். சுடும்போது கோது இழுபட்டு அறுந்து, நெருப்புக்காற்று பின்னால் பாயும். பாய்ந்திருந்தது.

கராஜில் யோகா கட்டுப்போட்ட கண்ணோடு கதிரையில் இருந்தார். வந்தவர்களை ஏனென்று கேட்கவில்லை. பாலா சன்னல் கொக்கியைப் பூதக்கண்ணாடியால் பார்த்தான். கொக்கி கொக்கியாகவே இருந்தது.

ஆயுத பூசை முடிந்து மூன்று வாரம். தராசு, துளைகருவி, புல்வெட்டி எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனப் பொட்டு. கோது அளக்கும் கலிப்பரிலும், கோதின் தோளை ஏந்த அதன் வாயில் மாட்டிய துளைக் கேஜிலும் மட்டும் இல்லை. சிறி முகர்ந்தார். பற்பசை மணந்தது.

மிச்சத் தோட்டாக்களை அளந்து, யோகாவின் அளவுக் கொப்பியோடு ஒப்பிட்டார். "கொப்பியிலை இருக்கிறதைவிட அங்குலத்திலை ஆயிரத்திலை பன்னிரண்டு பங்கு குறையுது. நாலு தலைமுடிக் கனம். இரண்டு தோட்டாவின்ரை தோளிலை மஞ்சள் கறையும் இருக்கு. தங்கச்சி, பொட்டு வைச்சது ஆர்?"

"நான்தான். இவருக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு ஒரு சாமானும் விடாமல் வைச்சனான்."

சிறி தோட்டாவைக் கீழே வைத்தார். "சுட்ட கோதை அளந்து கொப்பியிலை எழுதினது பூசைக்கு முதல். திருத்தின கோதை அளந்தது பூசைக்குப் பிறகு. கேஜின்ரை துளைக்குள்ளை சந்தனம் காய்ஞ்சிருந்தது. கோதின்ரை தோள் அதிலை முட்டி நிண்டதாலை நீளம் கூடக் காட்டியிருக்கு. யோகா அதைக் குறைக்கக் குறைக்கக் கோது குட்டையாப் போச்சு. கலிப்பரைக் கேஜின்ரை வெளி விளிம்பிலை மூடிப் பூச்சியம் சரிபாத்தாலும் துளைக்கு உள்ளுக்கு இருக்கிறது தெரியாது."

"அப்ப குற்றவாளி..." என்று உற்சாகமாகத் தொடங்கிய பாலா, தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை விழுங்கினான்.

இராஜேஸ்வரி கேஜையே பார்த்தாள். "இதைக் கழுவினது ஆர்?"

சிறி யோகாவைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியாலை வந்த அண்டைக்கே கழுவிப்போட்டன்," என்றார் யோகா மனைவியிடம். "உம்மை ஆர் துப்பறியச் சொன்னது?"

"கிளப்புக்கு நான் எழுதுறன். பிழை என்ரை எண்டு," என்றாள் இராஜேஸ்வரி.

"வேண்டாம். அவங்களுக்குச் சந்தனம் என்னெண்டு விளங்கப்படுத்தவே ஒரு வருசம் போகும்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

இராஜேஸ்வரி கதிரையைச் சுற்றிப் போய் அவருடைய வலப்பக்கம் நின்றாள். அந்தப் பக்கம் நின்று அழுதால் அவருக்குத் தெரியாது.