இழையைப் பிடித்தவர்

செவ்வாய் கிரகத்தில் பொழுது விடிந்ததும் குளியலறைக் கண்ணாடி மாசிலாமணியிடம் கேட்கும்: "கோட்பாடு நிரூபணமாகிவிட்டதா, ஐயா?" அவர் பற்பசை நுரையோடு "இல்லை" என்பார். "பரவாயில்லை" என்று சொல்லி, கண்ணாடி அன்றைய பிராணவாயுவை வீட்டுக்குள் திறந்துவிடும். பாவம், ஆறுதல் சொல்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அங்கே வேலை இருப்பவருக்குத்தான் காற்று. வேலை போனால் பூமிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மாசிலாமணி இழைக் கோட்பாட்டுக்காரர். எந்தப் பொருளையும் பிய்த்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது அதிரும் நுண்ணிழைதான் என்பது அவர் கட்சி. அந்த இழையைக் கண்டவர் எவருமில்லை. தலை நரைத்தும் அங்குள்ள ஆய்வு நிலையத்தில் மனிதர் தற்காலிக ஊழியர்தான். மனைவி லீலாவதிக்கு அது தீராத மனக்குறை.

அந்த வாரம், சூரியனைச் சுற்றிக் கட்டிய வளைய முடுக்கி ஒருவழியாக ஓடியது. துகள்கள் மோதின, இழை அகப்பட்டது. மாசிலாமணியின் சமன்பாடு இம்மி பிசகாமல் பொருந்தியது. மனிதர் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். லீலாவதி முந்திரியை அள்ளிப் போட்டுக் கேசரி கிண்டினாள். அதை எடுத்துக்கொண்டு மாசிலாமணி நிலைய இயக்குநர் கோமளவல்லியிடம் ஓடினார்.

"ரொம்ப சந்தோஷம் சார்," என்று அந்த அம்மாள் ஒரு வாய் போட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழமை கப்பல்ல உங்களுக்கு இடம் போட்டாச்சு."

"பூமியில பாராட்டு விழாவா மேடம்?"

"விழாவெல்லாம் இல்ல. முடிஞ்ச வேலைக்கு ஆள் எதுக்கு? துறையையே மூடிட்டோம்."

வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னார். லீலாவதி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களை யாரு நிரூபிக்கச் சொன்னது? எதிர்வீட்டுக்காரர் பிரபஞ்சம் ஏன் இருக்குன்னு யோசிச்சே காலத்தை ஓட்டலையா? நீங்களும் பதில் வராத கேள்வியா பாத்து ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் நிலையத்தின் ஆய்வுக் குழு முன் புதிய ஆய்வோடு நின்றார். இழைகள் ஏன் அதிர்கின்றன?

"இதுக்கு என்ன கருவி வேணும்?" என்றார் கோமளவல்லி.

"பால்வீதியைச் சுத்தி ஒரு முடுக்கி, மேடம்."

"எப்ப கட்டி முடியும்?"

"அப்ப நம்ம பேரன் பேத்திங்களே இருக்க மாட்டாங்க."

"தப்புன்னு யாராவது காட்டிட்டா?"

"அதுக்கும் அதே முடுக்கிதான் வேணும்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அத்தனை முகத்திலும் வெளிச்சம். கோமளவல்லி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இவ்வளவு திறமையை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் எங்க சார் இருந்தீங்க? இன்னையிலிருந்து நீங்க நிரந்தரம்."